117 சென்டிமீட்டர்: டோக்கியோ டிஸ்னிசீ தனியா நிக்குமா?

ரெண்டு வாரம் முன்னாடி சென்னையில இருந்து ஃப்ரெண்ட் ஒருத்தன் வாட்ஸ்அப்ல கேட்டான், குடும்பத்தோட ஜப்பான் வர்றோம்டா, டிஸ்னிக்குன்னு ஒரே ஒரு நாள் தான் ஒதுக்க முடியும், டிஸ்னிலேண்டா, இல்ல அங்கயே இருக்கற இரண்டாவது பார்க் டிஸ்னிசீயா, சீ மட்டும் போனா போதுமா இல்ல அது லேண்டுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி சும்மா சேர்த்துக் கட்டினதா. அவனோட டிராவல் ஏஜென்ட் சொல்லியிருக்கார், காலையில லேண்ட் பாத்துட்டு மதியத்துக்கு மேல சீக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம் சார்னு. படிச்சதும் எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. இங்க சாதாரண ஒருநாள் டிக்கெட்டுக்கு ஒரு பார்க் தான். காலையில எதுக்குள்ள நுழையுறியோ ராத்திரி வரைக்கும் அதே தான். பெரியவங்களுக்கு நாளைப் பொறுத்து 7,900 யென்ல இருந்து 10,900 யென் வரைக்கும் போகுது, இது கூடத் தெரியாம ஒருத்தர் பேக்கேஜ் போட்டு விக்கறார்.

நாங்க இருக்கறது நிஷி-கசாய். டோக்கியோவுல தமிழ் ஆளுங்க யாரையாவது கேட்டா பாதிப் பேர் இந்த ஏரியா தான் சொல்லுவாங்க. கெய்யோ லைன்ல கசாய்-ரிங்காய்-கோயென்ல ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன் மைஹாமா, அங்க தான் டிஸ்னி. 2018 ஜனவரியில நானும் மனைவியும் முதல் தடவை சீக்குப் போனோம், அதுக்கப்புறம் பொண்ணு பொறந்து, ஊர்ல இருந்து வந்தவங்களைக் கூட்டிட்டுப் போயின்னு இதுவரைக்கும் பதினாலு தடவை ஆச்சு. லேண்டுக்கு அஞ்சு தடவை. அதனால இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கறேன்.

சீ 2001 செப்டம்பர் 4 திறந்தது. அதே வருஷம் பிப்ரவரியில தான் அமெரிக்காவுல அனஹைம்ல இருந்த டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்துல, அதோட பழைய பார்க்கிங் இடத்துல, கலிஃபோர்னியா அட்வென்ச்சர் திறந்தாங்க. அடுத்த வருஷம் பாரிஸ்ல ஸ்டூடியோஸ் பார்க். ஒண்ணரை வருஷத்துக்குள்ள மூணு ஊர்ல மூணு இரண்டாவது பார்க். கலிஃபோர்னியாவுல இருந்ததுக்கு ஜனங்க வரலைன்னு 2007ல நூறு கோடி டாலருக்கு மேல செலவு பண்றோம்னு அறிவிச்சு 2012 வரைக்கும் இழுத்துப் பிடிச்சு சரி பண்ணாங்க. பாரிஸ்ல இருந்ததுக்குப் பேரையே மாத்தப் போறோம்னு 2024ல சொல்லிட்டாங்க. அனஹைம்ல ரெண்டு கேட்டும் எதிரெதிர்ல இருக்கு, ஹாப்பர் டிக்கெட் வாங்கினா ஒரே நாள்ல இங்கயும் அங்கயும் போய் வரலாம், அதனால இரண்டாவது பார்க் பாதி நாளைக்குத் தாங்கினாலே சமாளிச்சுக்கலாம். டோக்கியோவுல சாதாரண டிக்கெட்டுக்கு அந்த வழி கிடையாது. ஒரு நாளை முழுசா, பசி, தூக்கம், மழை எல்லாத்தோடயும் சேர்த்து அந்த ஒரே பார்க் தாங்கணும். இன்னொண்ணு, இதை நடத்துறது டிஸ்னி இல்ல, ஓரியண்டல் லேண்ட்னு ஒரு ஜப்பான் கம்பெனி, பணம் முழுக்க அவங்களோடது, டிஸ்னிக்கு ராயல்டி மட்டும் போகுது. கைக்காசு போட்டுக் கட்டறவங்க பாதிக் கிணறு தோண்டிட்டு விட மாட்டாங்க.

ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லேண்டுல இருக்கற சிண்ட்ரெல்லா கோட்டை 51 மீட்டர். சீக்கு நடுவுல கோட்டை கிடையாது, ப்ரோமீதியஸ்னு ஒரு எரிமலை, அதுவும் 51 மீட்டர். கேட்டுக்குள்ள போனா முதல்ல தண்ணி சுத்தற ஒரு பெரிய பூமி உருண்டை, அதைத் தாண்டி ஹோட்டல் கட்டிடத்துக்கு அடியில ஒரு வளைவு, அந்த வளைவுல நுழையும்போதே அந்தப் பக்கம் தண்ணியும் மலையும் தெரியும். பதினாலு தடவையும் அந்த இடத்துல கால் தானா மெதுவாயிடுது.

இப்ப என்னோட இடத்தைச் சொல்றேன். அந்தத் தண்ணி தான் துறைமுகம், அதுக்கு அந்தப் பக்கம், மலை அடிவாரத்துல, ஒரு பழைய கோட்டை கொத்தளம் இருக்கு, ஃபோர்ட்ரஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்னு பேரு. ரைடு கிடையாது, க்யூ கிடையாது, தனிக் காசு கிடையாது. சும்மா ஏறி இறங்கிச் சுத்தலாம். ஒரு கோபுரத்துக்குள்ள ஃபூகோ பெண்டுலம் ஆடிட்டே இருக்கும், பூமி சுத்தறதைக் காட்டற பெண்டுலம். இன்னொரு அறையில கோள்கள். நடுவுல சூரியன், சுத்தி கோள்கள், விளிம்புல கைப்பிடி வச்ச சக்கரங்கள். அதைச் சுத்தினா உன்னோட கோள் நகரும். என் பொண்ணுக்கு மூணு வயசுல கைப்பிடி எட்டலை, நான் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். நாலு வயசுல நுனிக்கால்ல நின்னு சுத்தினா. இப்ப ஆறரை, ரெண்டு கையாலயும் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு சுத்தறா, அந்தக் கோள் கிறீச்னு நகர்ந்ததும் என்னைப் பார்க்கவே இல்ல, மேல அதையே பாத்துட்டு இருந்தா. வெளியில ஒரு பெரிய ரைடுக்கு நூறு நிமிஷம்னு போட்டிருக்கற நாள்ல இந்த அறையில நாங்க மூணு பேரும் ஒரு ஜப்பான் தாத்தாவும் மட்டும் தான். இந்த மாதிரி இடத்தைக் கட்டினவங்க, ரைடுக்கு வராதவனுக்கும் நாள் நிறையணும்னு யோசிச்சுத் தான் கட்டியிருக்காங்க. இரண்டாவது பார்க் தனியா நிக்குமாங்கற கேள்விக்கு என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த அறை தான் பதில்.

சீக்குள்ள அரேபியன் கோஸ்ட்ங்கற பகுதியில இருக்கற சிந்துபாத் படகு ரைடும் அதே மாதிரி. பெரும்பாலும் கூட்டமே இருக்காது, உயரக் கட்டுப்பாடு கிடையாது, உள்ள நூத்துக்கும் மேல அசையற பொம்மைங்க. 2007ல மாத்தி அமைச்சப்ப ஆலன் மென்கன் இசையில பாட்டும் சந்துன்னு ஒரு புலிக்குட்டியும் சேர்த்தாங்க. எங்க வீட்டுல புலிக்குட்டியை யார் முதல்ல கண்டுபிடிக்கறதுன்னு போட்டியே நடக்கும். வெளியில வந்தா மசாலா பாப்கார்ன் வாசம், நம்ம ஊர் வாசம் இல்ல தான், ஆனா ஜனவரி குளிர்ல அது மூக்குல ஏறும்போது ஒரு நிமிஷம் நின்னுட்டுத் தான் போகத் தோணும்.

இப்ப கோபத்துக்கு வர்றேன். 2024 ஜூன் 6 ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் திறந்தாங்க, சீயோட எட்டாவது துறைமுகம், இங்க ஒவ்வொரு பகுதியையும் துறைமுகம்னு தான் சொல்லுவாங்க, செலவு 32,000 கோடி யென். டிஸ்னி படங்கள்ல வர்ற எல்சா, ராபன்சல், பீட்டர் பான் இவங்களோட ரைடுங்க. வேலைப்பாட்டைக் குறை சொல்ல வாய் வராது, எல்சா படகுல பொம்மைங்களோட முகத்தைப் பாத்து நான் வாயைத் திறந்துட்டே இருந்தேன். ஆனா எனக்கு மனசு ஒட்டலை. இருபத்தி ரெண்டு வருஷமா இந்தப் பார்க் நின்னது கடலை வச்சு. வெனிஸ் மாதிரி ஒரு துறைமுகம், 1912 நியூயார்க் கப்பல்துறை, கேப்டன் நீமோவோட எரிமலை. இளவரசிங்க வேணும்னா லேண்டு இருக்கு, மோனோரயில்ல ஏறினா போயிடலாம். இப்ப காலையில கேட் திறந்ததும் ஜனங்க துறைமுகத்தை நிமிர்ந்து கூடப் பாக்காம ஃபோனைப் பாத்துக்கிட்டே பின்னாடி இருக்கற புது இடத்துக்கு ஓடறாங்க. நான் சொன்னேன்ல, கால் மெதுவாகற வளைவு, அது இப்ப நடைபாதை. முதல் பத்து மாசம் உள்ள கால் வைக்கவே பாஸ் எதாவது வேணும், 2025 ஏப்ரல் 1ல இருந்து தான் யாரும் போகலாம்னு ஆச்சு, அது நல்ல முடிவு. ஆனாலும் எனக்கு வலிக்குது. தன் கால்ல நின்ன ஒருத்தனுக்கு எதுக்கு ஊன்றுகோல்னு தான் தோணுது.

சரி, நியாயமும் பேசணும். அந்தப் பழைய, நான் கொண்டாடற பார்க் சின்னப் பசங்களுக்குக் கதவைப் பாதி மூடித் தான் வச்சிருந்தது. சென்டர் ஆஃப் தி எர்த், இண்டியானா ஜோன்ஸ், ரேஜிங் ஸ்பிரிட்ஸ்னு மூணு ரைடுக்கும் குறைஞ்சது 117 சென்டிமீட்டர் உயரம் வேணும். டவர் ஆஃப் டெரர், சோரிங் ரெண்டுக்கும் 102. பாதுகாப்புக்கு வச்ச கணக்கு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா பார்க்கோட நடுவுல இருக்கற அந்த எரிமலைக்குள்ள போற ரைடுல என் பொண்ணை இத்தனை வருஷம் ஏத்த முடியலை. எங்க வீட்டு சமையலறைக் கதவு நிலையில காகித டேப் ஒட்டி 117ன்னு எழுதி வச்சிருக்கோம், வாடகை வீடு, பென்சில்ல கிறுக்கினா காலி பண்ணும்போது காசு பிடிப்பாங்க. ஒவ்வொரு மாசம் முதல் தேதியும் அவளே வந்து முதுகை ஒட்டி நிப்பா. 109, 111, 114. குதிகாலைத் தூக்கினா நான் அதட்டுவேன். நடுவுல நாலு மாசம் 116லயே நின்னுச்சு, அந்த நாலு மாசமும் தயிர் சாதத்தை ஒரு வார்த்தை பேசாம சாப்பிட்டா. அந்த வருஷங்கள்ல அவ சீயில ஏறினது எல்லாம் சிந்துபாத், அக்வாடோபியா, மெர்மெய்ட் லகூனுக்கு அடியில இருக்கற சின்ன ரைடுங்க, கடைசியில 2024க்கு அப்புறம் நான் திட்டற அதே எல்சாவும் ராபன்சலும். அது ரெண்டுக்கும் உயரக் கணக்கு இல்ல. அவ சிரிச்சுட்டு இறங்கினதையும் நான் தான் பார்த்தேன்.

காத்தைப் பத்தி ஒரு வரி. டோக்கியோ வளைகுடா பக்கத்துலயே இருக்கறதால குளிர்காலத்துல காத்து எலும்பு வரைக்கும் போகும், காத்து பலமா அடிச்சா ராத்திரி துறைமுக ஷோ நடக்காது. காதை மூடற குல்லா இல்லாம டிசம்பர் ஜனவரியில போகாதீங்க. வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போகக் கூடாது, கேட்டுக்கு வெளியில உக்காந்து சாப்பிட இடம் இருக்கு, நாங்க புளியோதரையை அங்கயே முடிச்சுட்டுத் தான் நுழைவோம். தள்ளுவண்டி கொண்டு போறவங்களுக்கு மேடு பள்ளமும் படியும் நிறைய, லேண்டு அளவுக்குச் சமதளம் கிடையாது.

போன மாசம் முதல் தேதி 117ஐத் தாண்டி ஒரு நூல் அளவு. ரெண்டு தடவை அளந்தோம். அடுத்த சனிக்கிழமையே போனோம், எல்சா பக்கமே போகலை. மலைக்குள்ள ஒரு லிஃப்ட்ல இறங்கற மாதிரி போய், வண்டியில உக்காந்து, ஒளிர்ற பாறைங்க, காளான் காடு, அப்புறம் அந்தப் பெரிய பூதம், சட்டுன்னு இருட்டு, மலைக்கு வெளியில பிச்சுக்கிட்டு வந்து கீழ விழும். 75 கிலோமீட்டர் வேகம்னு சொல்லுவாங்க. வெளியில வந்த அந்த ஒரு நொடி வெளிச்சத்துல அவளோட கை என் மணிக்கட்டைப் பிடிச்சிருந்தது, நகம் பதிஞ்ச தடம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் இருந்துச்சு. இறங்கினதும் அவ கேட்டது, அப்பா கோட்டைக்குப் போய் அந்தச் சக்கரம் சுத்தலாமான்னு.

ஃப்ரெண்டுக்கு நான் அனுப்பின பதில் இது. சீ தனியா நிக்கும்டா, நான் போன பார்க்குகள்ல இதுக்கு ஈடு கிடையாது, யார் ஒட்டுன்னு சொன்னாலும் நம்பாத. ஆனா உன் பொண்ணுக்கு நாலு வயசு, நூறு சென்டிமீட்டர் கூட இல்லைன்னு சொல்ற, அம்மாவுக்கு முட்டி வலி, கையில இருக்கறது ஒரே நாள். நீ லேண்டுக்கே போ. ஏஜென்ட் சொன்ன ரெண்டு பார்க் கணக்கை முதல்ல கேன்சல் பண்ணச் சொல்லு. சாயங்காலம் கிளம்பும்போது நேரா ஸ்டேஷனுக்குப் போகாம மோனோரயில்ல ஒரு முழுச் சுத்து வா, பதிமூணு நிமிஷம் கிட்ட ஆகும், மிக்கி மூஞ்சி வடிவ ஜன்னல், பொண்ணுக்குப் பிடிக்கும். சீ பக்கம் வரும்போது எரிமலை தெரியும், அவளுக்குக் காட்டு.