12 வருடம், 3 தெர்மாமீட்டர்: எங்கள் வீட்டு அனுபவம்

இரண்டு பிள்ளைகளின் காய்ச்சல்களில் மூன்று வகைத் தெர்மாமீட்டரையும் பயன்படுத்திவிட்டேன். எது எப்படி என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இருந்தது மாமியார் கொடுத்த பாதரசத் தெர்மாமீட்டர். குமிழுக்குச் சற்று மேலே குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும். சூட்டில் விரிந்து ஏறிய பாதரசம் அந்த இடுக்கைத் தாண்டித் தானாக இறங்காது. அதனால் வெளியே எடுத்த பிறகும் விளக்கடியில் பிடித்து நிதானமாகப் படிக்கலாம். மறுபடி வைக்கும் முன் உதறியாக வேண்டும். அப்படி உதறும்போதுதான் கட்டில் விளிம்பில் பட்டு உடைந்தது. தரையில் உருண்ட வெள்ளி மணிகளைப் பிடிக்கப் பெரியவன் ஓடினான். அவனை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து பாட்டிலில் அடைத்தோம். துடைப்பத்தைத் தொடவே கூடாது, இன்னும் பொடியாகச் சிதறும். பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது டிஜிட்டல். 7 வருடமாக உழைக்கிறது. பட்டன் செல்லை இரண்டே முறை மாற்றினேன். அதன் உலோக நுனிக்குள் தெர்மிஸ்டர் என்ற சூட்டை உணரும் சின்ன மின்பாகம் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதை வைத்து எண் காட்டும். ஒன்றை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்: அது அளப்பது தன் நுனியின் சூட்டை. நுனி உடம்பின் சூட்டுக்கு வரும்வரை நாம்தான் பொறுக்க வேண்டும். எண் ஏறும் வேகம் குறைந்ததும் பீப் அடித்துவிடுகிறது. அக்குளில் வைத்தால், பீப் அடித்த பிறகும் இன்னும் இரண்டு நிமிடம் விட்டுவைப்பேன். எங்களுடையதில் 0.3, 0.4 டிகிரி கூட ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2020-இல் கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் வாங்கினோம். தோல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி ஒரு நொடியில் எண் சொல்கிறது. தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குச் சின்னவளுக்குப் பார்த்தபோது 97.4 என்றது. கழுத்தடியில் கை வைத்தால் கொதிக்கிறது. அக்குளில் டிஜிட்டலை வைத்தேன்: 101.8. அப்புறம்தான் உறைத்தது. நெற்றியிலிருந்து ஈரத்துணியை அப்போதுதான் எடுத்திருந்தேன், மேலே ஃபேன் வேறு. குளிர்ந்த தோலின் சூட்டை அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது; காய்ச்சலைச் சொல்லவில்லை.

இப்போது நெற்றியைத் துடைத்து, ஃபேனை நிறுத்தி, கால் மணி நேரம் கழித்தே அதை எடுக்கிறேன். சந்தேகம் இருந்தால் உடனே டிஜிட்டல். வாயில் வைப்பதைவிட அக்குளில் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். அதற்காக நானாக எதையும் கூட்டிச் சொல்வதில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் "ராத்திரி 2 மணி, அக்குள், 101.8" என்று அப்படியே எழுதி டாக்டரிடம் காட்டுகிறேன்.