"நீங்களே போடலாம்" என்று கார்ப்பெட் விற்பவர்களிடம் ஜாக்கிரதை! அரை மாதச் சம்பளம் போச்சு

எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆத்திரத்தில் டைப் செய்கிறேன். அரை மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய கார்ப்பெட் ஹாலில் அலை அலையாக எழும்பி நிற்கிறது. போட்டு மூன்றே வாரம். நேற்று அம்மா தடுக்கி விழப் பார்த்தார்.

வீட்டுச் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் போட்டால் வேறு வம்பு வரும், விடுங்கள். "ஆள் தேவையில்லை, ஒரே மதியத்தில் நீங்களே போடலாம்" என்று கார்ப்பெட் ரோலையும் அதைப் போடுவதற்கான கிட்டையும் சேர்த்து விற்கிறார்கள். எங்கள் ஹால் 5 மீட்டருக்கு 4.5 மீட்டர். ரோல் அகலமோ 4 மீட்டர். அரை மீட்டர் இடிக்கிறதே என்று சாட்டில் கேட்டேன்.

நான் ஏமாந்து விழுந்தது அங்கேதான். அந்தப் பக்கம் இருந்தவர் அவசரமே படவில்லை. கதவு எந்தப் பக்கம், ஜன்னல் எங்கே, தரை டைல்ஸா மரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேப்பரில் ஹாலை வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினார். "இன்னொரு 5 மீட்டர் வாங்கினா உங்களுக்கு வீண் செலவு சார். மொத்தமா 6.5 மீட்டர் நீளம் போதும். ஹாலுக்கு 5 மீட்டர் போக மிச்சத்தைக் குறுக்கே வெட்டி, ஓரத்துல திருப்பிப் போட்டு ஒட்டிடுங்க" என்றார். விற்கிறவரே குறைவாக வாங்கு என்கிறார். நம்பாமல் என்ன செய்வேன்? சுவரோரம் முள் வைத்த மரப்பட்டை அடிப்பார்களே, அது வேண்டாமா என்றும் கேட்டேன். "அதெல்லாம் பழைய முறை சார். இருபக்க டேப் இருக்கு, வேலை சீக்கிரம் முடியும்."

பார்சல் வந்தது. உள்ளே இருந்த தாளில், போடப்போகும் அறையிலேயே 24 முதல் 48 மணி நேரம் விரித்து வைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள் என்று இருந்தது. ஆப்பிலோ, குறை இருந்தால் 2 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று இருந்தது. விரித்து வைப்பதா, போட்டுப் பார்ப்பதா? அன்று சாயங்காலமே வெட்டிவிட்டேன். அது என் அவசரம், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் ஓரத்துத் துண்டு மட்டும் வேறு நிறம். ஒரே ரோல், ஒரே சாயம், ஆனால் வேறு நிறம். கார்ப்பெட்டின் இழைக்கு ஒரு சாய்வு உண்டு. பூனை முதுகை வாலை நோக்கித் தடவினால் ஒரு மாதிரி, எதிரே தடவினால் வேறு மாதிரி தெரிகிறதல்லவா, அதே கதை. துண்டைத் திருப்பிப் போட்டால் சாய்வும் திரும்பிவிடும், வெளிச்சம் படும் விதம் மாறும். தினமும் கார்ப்பெட் விற்கிறவருக்கு இது தெரியாதா?

அன்றே எழுதினேன். "இரண்டு நாள் நடந்தால் செட் ஆயிடும்." இரண்டு நாள் பொறுத்து எழுதினால், "போட்டோ தெளிவாக இல்லை." வீடியோ அனுப்பினேன். "வெட்டிய கார்ப்பெட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது." வெட்டச் சொன்னதே நீங்கள்தானே என்றால், சாட் மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தால் வேறு ஆள், ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் சுருக்கம் விழுந்தபோது வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "தொழில்முறைப் பணியாளர் அல்லாமல் வாடிக்கையாளரே பொருத்தியதால் வாரன்டி பொருந்தாது." விற்கும்போது நீங்களே போடலாம். கேட்டால், நீங்களே போட்டதால் கிடையாது! அரை மாதச் சம்பளம் ஐயா!

கடைசியில் கார்ப்பெட் போடும் தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். சுவரைச் சுற்றிப் பட்டை அடித்து, ஸ்ட்ரெட்சர் என்ற கருவியால் கார்ப்பெட்டை இழுத்து, பட்டையின் முள்ளில் மாட்டினால்தான் இவ்வளவு பெரிய கார்ப்பெட் விறைப்பாக நிற்குமாம். டேப் ஒட்டிக்கொள்ளும், இழுத்துப் பிடிக்காது. அதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று. அதே மிச்சத்தை ரோல் நீளவாக்கில் 1.3 மீட்டர் துண்டு நாலாக வெட்டி, திருப்பாமல் வரிசையாக வைத்திருந்தால் ஓரம் முழுக்க வந்திருக்கும். ஜாயின்ட் கூடும், நிறம் மாறாது. ஒரு காசு கூடுதல் செலவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் சாக்பீஸால் இழை சாயும் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். ஸ்ட்ரெட்சரை வாடகைக்கு எடுங்கள். முழங்காலால் உதைக்கும் கிக்கர் மட்டும் பெரிய ஹாலுக்குப் போதாது, முழங்காலும் போய்விடும். சுவர்ப்பக்கம் நாலு விரல் கூடுதலாக விட்டு வெட்டுங்கள், பிறகு குறைக்கலாம். "நாமே போட்டால் வாரன்டி உண்டா" என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

டேப்பை உரித்துக்கொண்டிருக்கிறேன். தரையின் பாலிஷும் சேர்ந்தே வருகிறது. அந்தச் செலவை இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.