சப்வூஃபர் மாட்ட ஆள் வந்தால் எர்த் ஒயரையும் பாருங்கள்

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஆடியோ வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை பெயர் வேண்டாம், நடந்தது மட்டும்.

வீட்டில் இருப்பது பழைய ஸ்டீரியோ ஆம்ப், இரண்டு சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். அப்பாவுக்கு மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்து கனத்த ஒலி, கேட்க வேண்டும். வலந்தலை கணீரென்று வருகிறது, தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கி மட்டும் வரவே மாட்டேன் என்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கனத்த ஒலிக்கென்றே தனியாக வரும் ஸ்பீக்கர், பத்து இன்ச் சப்வூஃபர் (சப்) ஒன்று 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். "கேபிள் நல்லதா போடணும் சார்" என்று 4,200-க்கு ஒரு ஒயரைத் தலையில் கட்டினார்கள். மாட்டிக் கொடுத்து 'கேலிபரேஷன்', அதாவது அறைக்குத் தகுந்தபடி சரிசெய்ய, 2,500 தனி.

வந்த பையன் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தான். சப்பை மூலையில் தள்ளினான், எல்லாக் குமிழையும் வலது பக்கம் திருகினான், போனில் ஒரு டமடம பாட்டைப் போட்டான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எப்படி சார்?" என்றான். நானும் தலையாட்டினேன், அதுதான் என் தப்பு.

சாயங்காலம் செய்தி போட்டால், வாசிப்பவர் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தது. கிராஸ்ஓவரை, அதாவது எந்த ஒலி வரைக்கும் சப் பாட வேண்டும் என்ற எல்லையை, 150 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறான். ஆண் குரலின் அடித்தளமே ஏறக்குறைய 85-இலிருந்து 180-க்குள்தான். பாதிக் குரல் மூலையிலிருந்து வந்தால் வேறெப்படி இருக்கும்?

அதைவிடப் பெரிய கூத்து ராத்திரி. ஆம்பின் வால்யூமை நன்றாகக் குறைத்தாலும் சப் மட்டும் அதே வேகத்தில் உறுமியது. கீழ்வீட்டு மாமி படியேறி வந்துவிட்டார். கடைக்குப் போன் செய்தேன். "பழைய ஆம்ப்ல அப்படித்தான் சார் இருக்கும். ரிசீவர் மாத்திடுங்க, 45,000-ல நல்லதா ஒண்ணு இருக்கு" என்றார்கள். காதில் பூ சுற்றுவது என்பார்களே, ஆடியோ கடைக்காரர்களுக்கென்றே வந்த சொல் போல.

விஷயம் இதுதான். என் ஆம்பில் சப்புக்கென்று தனித் துளை ('சப் அவுட்') கிடையாது. பையன் ஒயரை 'ரெக் அவுட்' என்ற துளையில் சொருகியிருக்கிறான். அது அந்தக் காலத்தில் கேசட்டில் பதிவு செய்ய வைத்த வழி. வால்யூம் குமிழுக்கு முன்பே சிக்னல் அதில் பிரிந்து போய்விடும். குமிழை என்ன திருகினாலும் சப்புக்குத் தெரியாது. வால்யூம் குமிழுக்குப் பிறகு சிக்னல் வெளியே வரும் 'ப்ரீ அவுட்' துளை இருந்தால் அதில் சொருகலாம். அதுவும் இல்லையென்றால் சப்பின் பின்னாலேயே 'ஹை லெவல்' என்று ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடம் பல மாடல்களில் உண்டு, என்னுடையதிலும் இருந்தது. ஆம்பில் ஸ்பீக்கர் மாட்டிய அதே முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி ஒயர் இழுத்தால் போதும். சப் அங்கே மிகக் கொஞ்சம் கரண்ட்தான் எடுக்கும், ஆம்புக்குச் சுமை இல்லை. எலக்ட்ரிகல் கடையில் சாதா ஒயர் வாங்கி நானே மாட்டினேன். 4,200 ரூபாய்க் கேபிள் இப்போது அட்டைப்பெட்டியில் தூங்குகிறது. ('கிளாஸ் டி' என்ற புது வகை ஆம்ப் வைத்திருப்பவர்கள் மேனுவலைப் பார்க்காமல் இதைச் செய்யாதீர்கள். சிலவற்றில் கறுப்பு முனை கிரவுண்டே இல்லை, ஆம்ப் போய்விடும்.)

இதெல்லாம் காசு போன கதை. உயிர் போயிருக்கக்கூடிய கதை ஒன்று இருக்கிறது.

முதல் நாள் மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தது. பையன் சப்பின் பிளக்கை எடுத்து ஏதோ செய்தான், நின்றுவிட்டது. கெட்டிக்காரன் என்று நினைத்தேன். பிற்பாடு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் வேறு வேலையாக வந்தபோது பிளக்கைத் திறந்து பார்த்தார். "பச்சை ஒயர் எங்க சார்?" என்றார். அதுதான் எர்த். பையன் அதை வெட்டி மடித்து உள்ளே திணித்திருந்தான். எர்த் இல்லாமல் உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் பின்பக்க இரும்புத் தகடு முழுக்க கரண்ட் நிற்கும். ஃப்யூஸும் போகாது. தூசி துடைக்கிற கை பட்டால்தான் தெரியும். துடைப்பது என் அம்மா.

இரைச்சலுக்கு உண்மையான காரணம் கேபிள் டிவி ஒயர். பச்சை ஒயரை மறுபடி மாட்டியதும் சத்தம் திரும்ப வந்தது, செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றியதும் நின்றது. சப் ஒரு வழியாகவும் கேபிள் இன்னொரு வழியாகவும் எர்த் ஆனால் நடுவில் 50 ஹெர்ட்ஸ் சுற்றிக்கொண்டிருக்கும். கேபிள் லைனில் அந்தச் சுற்றை அறுக்கும் ஒரு சின்ன ஐசொலேட்டர் போட்டோம், பச்சை ஒயர் அப்படியே இருக்கிறது.

மிச்சத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். சப்பைத் தூக்கி அப்பாவின் நாற்காலியில் வைத்துவிட்டு, தொப்பி வாசிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டு, தரையில் தவழ்ந்து எங்கே சீராகக் கேட்கிறது என்று பார்த்தேன்; அங்கே சப்பை வைத்தால் நாற்காலியிலும் அப்படியே கேட்கும். வீடே சிரித்தது. எங்கள் கூடம் 14 அடி நீளம்; அந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கம் அறையே முழங்கும், மூலையில் வைத்தால் இன்னும் மோசம். கடைசியில் சப் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்றது. கிராஸ்ஓவர் 60. சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அமுக்காமல் சேர்ந்து ஒலிக்க வைக்கும் 'ஃபேஸ்' சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டு, கனத்த ஒலி கூடுதலாகக் கேட்ட பக்கம் விட்டேன். சப்பின் சத்த அளவு (கெயின்) பாதிக்கும் கீழே. அப்பா கும்கி வந்தது என்றார்.

கடைக்குப் போய் 2,500-ஐத் திருப்பிக் கேட்டேன். "அந்தப் பையன் எங்க ஸ்டாஃபே இல்ல சார்." பில்லைப் புரட்டினேன்: சப், கேபிள், அவ்வளவுதான். இன்ஸ்டலேஷன் பணத்தைப் பையனின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னது அவர்கள்தான். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வெட்டிய பச்சை ஒயரின் போட்டோ இருக்கிறது, பில்லில்தான் அந்த வரி இல்லை.