கல்விக்கடனா, உதவித்தொகையா, நகைக்கடனா? வங்கியைத் தேடுவதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், எந்த வங்கியில் லோன் கிடைக்கும் என்பதுதான் பல வீடுகளில் முதல் பேச்சு. என் அண்ணன் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வங்கிக் கிளையில் மூன்றரை லட்சம் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். அண்ணன் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து, பீரோவைத் திறந்து அண்ணியின் நகைப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அன்று ராத்திரி நானும் அவரும் மகளின் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பார்த்தோம். அந்தக் கணக்கு எங்கள் முடிவையே மாற்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சீட். அரசு நடத்தும் கலந்தாய்வு வழியாக வரும் சீட்டுக்கும், கல்லூரி நிர்வாகமே நேரடியாகத் தரும் நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கும் கட்டணத்தில் மட்டும்தான் வித்தியாசம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அரசு தரும் உதவிகளில் பெரும்பாலானவை கலந்தாய்வு சீட்டோடு ஒட்டிக்கொண்டு வருபவை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கிடைக்கும் முதல் பட்டதாரி சலுகை 2010-11 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. அதற்குச் சாதியும் பார்ப்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடையாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அதுவும் கலந்தாய்வில் மட்டும்தான். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையிலும் மத்திய அரசின் விதிப்படி நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இடமில்லை.

ஆக, கொஞ்சம் பேர் பெற்ற கல்லூரி என்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கும்போது கூடுதல் ஃபீஸ் கட்டுகிறோம், அதோடு நாலு வருடச் சலுகையையும் விட்டுக்கொடுக்கிறோம். இரண்டையும் கூட்டித்தான் அந்தக் கல்லூரியின் விலையைப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், கலந்தாய்வில் கிடைக்கிற ஓரளவு நல்ல கல்லூரியைத்தான் எடுக்கச் சொல்வேன். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட்டு, உறுதிமொழிப் படிவத்தோடு பதிவேற்றிவிடுங்கள். ரிசல்ட்டுக்கு அப்புறம் ஓடினால் எல்லாருமே அங்கேதான் நிற்பார்கள்.

சலுகை என்பது கட்டும்போதே குறைவது. உதவித்தொகை அப்படியில்லை, முதலில் நாம் கட்ட வேண்டும், பணம் பிறகு வரும், சில சமயம் மிகவும் பிறகு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இருக்கும் இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை பன்னிரண்டாம் வகுப்பில் தன் வாரியத்தின் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்தவர்களுக்கானது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். தொழில்நுட்பக் கல்விக்கான தேசியக் குழுவான ஏஐசிடிஇ நடத்தும் பிரகதி உதவித்தொகை பெண்களுக்கானது. தொழில்நுட்பப் படிப்பின் முதல் ஆண்டில் சேர்ந்திருக்க வேண்டும், வருமான வரம்பு எட்டு லட்சம், ஆண்டுக்கு 50,000. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே 50,000 சக்‌ஷம் என்ற பெயரில் இருக்கிறது. முதலில் சொன்ன 12,000-ஐ வாங்குபவர் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்பது விதி. அதனால் பொறியியல் சேரும் பெண் பிள்ளைக்கு இரண்டுக்கும் தகுதி இருந்தால் பிரகதிக்குத்தான் முதலில் முயற்சி செய்ய வேண்டும். தெரியாமல் சின்னதை எடுத்துவிட்டுப் பெரியதை விட்டவர்கள் உண்டு. அப்புறம், அந்த 12,000-ஐ ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். அரியர் விழுந்து மதிப்பெண் இறங்கினால் வீட்டு பட்ஜெட்டிலும் ஓட்டை விழும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பணம் அதிகமாகச் சிக்குகிறது. அரசு நேரடியாக அனுப்பும் பணம், ஆதாருடன் கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குப் போகும். எங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் படிக்கும்போது ஆரம்பித்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று இருந்தது, பாஸ்புக் எங்கே என்று யாருக்கும் தெரியாது, ஆதார் அதில்தான் இணைந்திருந்தது. புதுக் கணக்கின் எண்ணைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் என்று இருந்தாலும் விண்ணப்பம் சிக்கும். இந்த இரண்டையும் விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. புதுமைப் பெண்ணில் வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குக் கீழே பதில் இருக்கிறது.

சரி, இவ்வளவும் போக மிச்சம் விழும் தொகைக்குத்தான் கடன். மூன்றரை லட்சத்துக்குப் பத்திரம் கேட்டார்கள் என்றேன் அல்லவா, அது தவறு. நாலு லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஏழரை லட்சம் வரை, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் கடன் உத்தரவாத நிதியின் கீழ் பிணையும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. விண்ணப்பத்தை நிராகரிப்பதென்றால் மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் நிராகரிக்க வேண்டும் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டமே சொல்கிறது. அதனால் வாய்மொழியாக "முடியாது" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டுப் போனால் கையில் ஒரு பதிவு இருக்கும். அண்ணன் இரண்டாவது தடவை அப்படித்தான் போனார்.

இப்போது அந்த நோட்டுக் கணக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருடம் கடன் வாங்குகிறோம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. இந்தக் காலத்தில் அது தனிவட்டி. முதல் லட்சத்துக்கு ஐந்து வருடத்தில் 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. மொத்தம் 1,40,000. தவணை ஆரம்பிக்கும் நாளில் உங்கள் கடன் நாலு லட்சம் அல்ல, 5,40,000. ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 8,960 ரூபாய். வட்டியைச் சேரவிடாமல் அப்போதைக்கப்போது கட்டியிருந்தால் நாலு லட்சத்துக்கு மட்டும் தவணை, மாதம் சுமார் 6,640. ஏழு வருடத்துக்குக் கூட்டினால் 1,95,000 ரூபாய் வித்தியாசம்.

படிக்கும்போதே வட்டி கட்டுவது பெரிய சுமை போலத் தெரியும். முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான். புதுமைப் பெண் பணம் 1,000 இருந்தால் அது முழுசாக அடங்கிவிடுகிறது. இரண்டாம் வருடம் 1,667, மூன்றாம் வருடம் 2,500, நாலாம் வருடத்திலிருந்து 3,333. முடிந்தவரை கட்டுங்கள், பாதி கட்டினாலும் பாதி லாபம். தொடர்ந்து வட்டி கட்டி வருபவர்களுக்கு ஒரு சதவீதம் வரை வட்டிக் குறைப்பும் தரலாம் என்று அந்த மாதிரித் திட்டத்தில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் கதையே வேறு. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வியோ தொழில்நுட்பப் படிப்போ படிப்பவர்களுக்கு, மேலே சொன்ன அந்த ஐந்து வருட வட்டியை மத்திய அரசே மானியமாகக் கட்டுகிறது. அதாவது எங்கள் கணக்கில் 1,40,000 ரூபாய். அதைப் பெற வேண்டியது ஒரு வருமானச் சான்றிதழ், அதை வங்கியில் கொடுத்து மானியத்துக்குப் பதியச் சொல்ல வேண்டும். நாமாகக் கேட்காவிட்டால் விட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. நடுவில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும். வருமானம் எட்டு லட்சம் வரை உள்ளவர்களுக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள உயர் தரக் கல்லூரிகளுக்கு மட்டும், தொடங்கியபோது அவை 860. இதிலும் நிர்வாக ஒதுக்கீடு சேராது.

நகைக்கடன் பக்கம் நியாயமாகச் சொன்னால், வேகத்தில் அதை எதுவும் அடிக்க முடியாது. காலையில் போனால் மதியம் பணம், பொதுத்துறை வங்கியில் வட்டியும் சில சமயம் கல்விக்கடனை விடக் குறைவு. அதனால்தான் அண்ணன் கை அங்கே போனது. ஆனால் பெரும்பாலும் ஒரு வருடத்தில் மீட்க வேண்டும், இல்லையென்றால் வட்டியைக் கட்டி மறுபடி வைக்க வேண்டும். படித்து முடிக்கும் வரை பொறுக்கும் காலமும் கிடையாது, வட்டி மானியமும் கிடையாது. இந்த வருட வளையலை மீட்பதற்குள் அடுத்த வருட ஃபீஸ் வந்து நிற்கும். கலந்தாய்வில் சீட்டை உறுதிசெய்ய உடனே கட்ட வேண்டிய தொகைக்கோ, உதவித்தொகை வரும்வரை இரண்டு மூன்று மாதம் சமாளிக்கவோ நகையை வையுங்கள். நாலு வருடப் படிப்பையும் அதன் மேல் ஏற்றாதீர்கள்.

வங்கியல்லாத நிதி நிறுவனங்களிடம் போவது கடைசி வழி. பிணையில்லாமல் பெரிய தொகை தருவார்கள், வட்டி கூடுதல், பலரும் படிக்கும்போதே மாதாமாதம் ஏதாவது கட்டச் சொல்வார்கள்.

பிள்ளை வேலைக்குப் போன பிறகு கட்டும் கல்விக்கடன் வட்டிக்கு வருமான வரியில் எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு, உச்சவரம்பு இல்லை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும். நகைக்கடன் வட்டிக்கு அதுவும் இல்லை.

அண்ணன் வீட்டில் கடைசியில் அமைந்தது இப்படி: கலந்தாய்வு சீட், முதல் பட்டதாரி சலுகை, மாதம் ஆயிரம், மிச்சத்துக்கு ஒரு சின்னக் கல்விக்கடன். இரண்டு வளையல் மட்டும் மூன்று மாதம் அடகில் இருந்து திரும்பி வந்தது. பிள்ளை இப்போது மாதம் பிறந்ததும் வட்டியைத் தன் போனிலிருந்தே கட்டிவிட்டு, ரசீதை அப்பாவுக்கு அனுப்பிவிடுகிறாள்.