பகுதியில் x இருக்கும் அசமன்பாடு: எந்த வழியில் தீர்ப்பது?

விகிதமுறு சமன்பாட்டில், அதாவது பின்னத்தின் பகுதியில் (கோட்டுக்குக் கீழே) x இருக்கும் சமன்பாட்டில், பகுதியால் இரு பக்கமும் பெருக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. x/(x−2) = 2/(x−2) என்றால் x = 2 வரும்; அது பகுதியைப் பூஜ்ஜியமாக்குவதால் தள்ளிவிட்டு, தீர்வு இல்லை என்று எழுதுவோம். அசமன்பாட்டிலும் அதே பழக்கத்தில் கை வைத்தால்தான் வம்பு.

(x+1)/(x−2) ≥ 3 என்பதை எடுத்துக்கொள்வோம். நேராகப் பெருக்கினால் x+1 ≥ 3x−6, அதாவது x ≤ 3.5. சரி, x = 0 போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் −0.5. அது எங்கே, 3 எங்கே! x−2 குறை எண்ணாக இருந்தால் ≥ என்ற குறி ≤ ஆகத் திரும்ப வேண்டும். அது மிகையா குறையா என்று பார்க்காமலே பெருக்கிவிட்டோம்.

இதைச் சரிசெய்ய முதல் வழி, இரண்டாகப் பிரிப்பது. x > 2 என்றால் x ≤ 3.5. x < 2 என்றால் குறி திரும்பி x ≥ 3.5 வரும்; இரண்டும் ஒத்துப்போகாது. ஆக விடை 2 < x ≤ 3.5. பகுதியில் ஒரே காரணி இருக்கும்வரை இது போதும். மூன்று காரணிகள் வந்தால் எந்தப் பிரிவில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

இரண்டாவது, (x−2)²-ஆல் பெருக்குவது. வர்க்கம் குறை எண் ஆகாது என்பதால் குறி திரும்பும் கவலையில்லை. ஆனால் பலரும் உடனே விரித்து 2x²−11x+14 ≤ 0 வரை போய், மறுபடி காரணிப்படுத்த உட்காருவார்கள். பொதுக் காரணியை வெளியே எடுத்தால் (x−2)(7−2x) ≥ 0 என்று அப்போதே முடிந்திருக்கும். தவிர, இதில் x = 2-உம் விடைக்குள் நுழைந்துவிடும்; நினைவாக நீக்க வேண்டும். எனக்கு இந்த வழி அவ்வளவாகப் பிடிக்காது.

என் ஓட்டு மூன்றாவதற்கு: எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து குறி அட்டவணை போடுவது, அதாவது ஒவ்வோர் இடைவெளியிலும் அது மிகையா குறையா என்று எழுதுவது. (7−2x)/(x−2) ≥ 0. எண்கோட்டில் 2-இல் திறந்த வட்டம் (விடையில் சேராது), 3.5-இல் நிரப்பிய வட்டம் (சேரும்). இடைவெளிக்கு ஓர் எண்ணாக 0, 3, 4 போட்டால் குறை, மிகை, குறை. நடுத்துண்டுதான் விடை. காரணிகள் எத்தனை கூடினாலும் இதே வேலைதான்.

இதிலும் ஒரு பொறி உண்டு. வேரை, அதாவது ஒரு காரணி பூஜ்ஜியமாகும் இடத்தைத் தாண்டும்போதெல்லாம் குறி மாறும் என்று நம்பி, எண் போட்டுப் பார்க்காமலே மிகை, குறை என்று மாற்றி மாற்றி எழுதுபவர்கள் (x−1)²/(x+3) ≤ 0 என்பதில் மாட்டிக்கொள்வார்கள். வர்க்கக் காரணி குறியை மாற்றாது. விடை x < −3, அதோடு x = 1 என்ற ஒற்றைப் புள்ளியும்.

பின்னத்தைப் பிரித்துப் பார்க்கும் வழியையும் ஒதுக்கிவிட வேண்டாம். முதல் கணக்கின் இடப்பக்கம் 1 + 3/(x−2) என்று பிரியும். அது 3-ஐ எட்ட 3/(x−2) ≥ 2 ஆக வேண்டும். x−2 மிகையாகவும் 1.5-க்கு மிகாமலும் இருந்தால்தான் அது நடக்கும். இரண்டே வரி. ஆனால் தொகுதியும் பகுதியும் நேரியலாக இருக்கும் கணக்குகளில்தான் இவ்வளவு சுலபம்.