ஒக்கிக்குப் பிறகு வந்த பூனைகள்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

நாகர்கோவிலில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. பின்னால் கிணறு, ஒரு முருங்கை, நாலைந்து தென்னை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து, ஊரெல்லாம் மரம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் ஒரு பெட்டைப் பூனை விறகு அடுக்கிய இடத்தில் வந்து ஒண்டியது. அதுதான் கருப்பி. மண்டையனும் சீனியும் அதன் பிள்ளைகள். மூன்றுமே வெளியே திரிகிற பூனைகள். நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வாசலில் ஒரு பூனை இருந்தால் நன்றாக இருக்குமே என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூனைப் படம் பார்த்து உருகுகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

பெரிய எரிச்சல் எது என்று கேட்டால் இதுதான்: பூனை நம் பேச்சு எதையும் கேட்காது. ஆனால் அது செய்கிற எல்லாவற்றுக்கும் தெரு நம்மைத்தான் கேட்கும்.

பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்துக் கூப்பிடுவார். "தம்பி, ஒங்க பூன நெத்திலிக் கருவாட்ட முறத்தோட கவுத்திட்டுப் போயிருக்கு, வந்து பாருங்க."

"எங்க பூனைதானாக்கா? தெருவுல எத்தனையோ பூனை திரியுது."

"பின்ன எங்க பூனையா?"

இதற்குப் பதில் கிடையாது. கருவாட்டுக்கு ஈடாகத் தேங்காய் போகும். எங்கள் தென்னையின் வருமானத்தில் ஒரு பகுதி இப்படியே கரைகிறது.

எலி விஷயத்தில் மட்டும் குறை சொல்ல மாட்டேன். அரிசிப் பானை பக்கம் சுண்டெலி நடமாட்டம் அடியோடு நின்றுவிட்டது. பெருச்சாளியை மட்டும் கருப்பி ஏதோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், எலி பிடிக்கிற பூனை எலியோடு நிறுத்தாது. அணில், அரணை, ஓணான், தவிட்டுக்குருவி என்று எல்லாம் கூடத்துக்கு வரும், அதுவும் அரை உயிரோடு. காலையில் காப்பி குடிக்கும்முன் துடிக்கிற அணிலை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

கழுத்தில் மணி கட்டச் சொல்வார்கள். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மணியால் சொல்லும்படியான பலன் எதுவும் தெரியவில்லை. இறைச்சி அதிகமுள்ள தீனி கொடுத்த வீடுகளில் பூனைகள் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 சதவீதம். அதைப் படித்த பிறகு குச்சியில் கயிறு கட்டி ஆட்டிப் பார்க்கிறேன். சீனி ஆடுகிறது. மண்டையன் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறது.

வேட்டையைவிடச் செலவு வைப்பது கூரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். கடுவன் பூனைகளுக்கு ராத்திரிச் சண்டைக்கு ஓட்டுக்கூரைதான் களம். ஒரு ஓடு விலகினால் போதும், அடுத்த மழைக்குப் படுக்கை நனையும். ஓடு மாற்றத் தெரிந்த ஆட்கள் இப்போது குறைவு. கிடைத்தாலும் மழைக்காலத்தில் ஏற மாட்டார்கள். கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை. அவர்களுக்கு ஜன்னல் கொசுவலையும் பைக் சீட்டும் கிழியும், அவ்வளவுதான்.

அப்புறம் வைத்தியம். வெளியே திரியும் பூனை வளர்ப்பதில் முக்கால்வாசி வேலை இதுதான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மண்டையனுக்குக் கருத்தடை செய்ய நாள் குறித்தோம். மயக்க ஊசி போட வேண்டுமென்பதால் முந்தின ராத்திரியிலிருந்து தீனி எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. காலையில் பிடித்துக் கூடையில் போட்டுக் கொண்டுபோனால், மேசையில் வைத்ததும் வாந்தி எடுத்தது. அதில் முழுசாக ஒரு சாளை மீன் தலை. எங்கள் வீட்டில் அன்று சாம்பார். விசாரித்ததில், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் அதற்கு அப்பு என்று பெயர், காலைப் பந்தி அங்கேதான் என்று தெரிந்தது. அந்த வீட்டு ஆச்சிக்கு என் மேல் கோபம் வேறு: "எங்க அப்புவ அறுக்கக் கொண்டு போனது நீதானா?" சமாதானம் பேசி, இன்னொரு நாள் குறித்து, முந்தின ராத்திரி குளியலறையில் அடைத்தோம். அது விடிய விடியக் கத்திய கத்தலுக்கும் தெருவில் நான்தான் பதில் சொன்னேன்.

ஆனால் அந்த அறுவைதான் இத்தனை வருடத்தில் பூனைகளுக்காகச் செய்த செலவுகளிலேயே உருப்படியானது. உடனே மாற்றம் தெரியாது, சில வாரங்கள் ஆகும். பிறகு மண்டையன் கூரைச் சண்டைக்குப் போவது வெகுவாகக் குறைந்தது. சுவரில் பீய்ச்சுகிற அந்த நாற்றமும் போனது. பெட்டைப் பூனை என்றால் இன்னும் அவசரம். ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகக்கூடும். பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். கருப்பி பரண், ஆட்டுக்கல் மறைவு, எதிர்வீட்டு கார் ஷெட் என்று சுற்றிவிட்டு என் வேட்டி அலமாரியில் வந்து நின்றது.

கடுவன் கடித்த காயம் வெளியே ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும். தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் கன்னமோ காலோ வீங்கி, பூனை சாப்பிடாமல் ஒதுங்கிவிடும். அப்போது மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலடிக்கிறது என்று பாரசிட்டமாலை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது, ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். எலி மருந்தும் அப்படித்தான். நீங்கள் வைக்காவிட்டாலும், யாரோ வைத்த மருந்தைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் பூனைக்கும் ஆபத்து.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில் ஒன்று, பிறகு வருடாவருடம். ஊசி நாள் அவற்றுக்கு எப்படித் தெரிகிறதோ, கூடையைப் பரணிலிருந்து இறக்கும் சத்தத்திலேயே மூன்றும் மாயமாகிவிடும். ஆனால் இதில் சலித்துக்கொள்ள வழியில்லை. தெருவில் யாரை எப்போது பிறாண்டும் என்று சொல்ல முடியாது. பூனை பிறாண்டி ரத்தம் வந்தாலே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் என்று ஊசி போடுவார்கள்.

சாப்பாட்டுச் செலவு பெரிதில்லை, ஜூன் ஜூலை தவிர. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வள்ளத்து மீன் மட்டும் வரும், விலை ஏறிவிடும். சாளைக்குப் பழகிய நாக்கு கடைத் தீனியைத் திரும்பிப் பார்க்காது. கருப்பி தட்டை மோந்து பார்த்துவிட்டு, தரையைப் பிறாண்டி மூடுகிற மாதிரி பாவனை செய்யும். மண்டையனுக்கு இந்தக் கவலையில்லை, ஆச்சி எந்த விலைக்கும் மீன் வாங்குவார்.

வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கலாமே என்று கேட்பார்கள். குட்டியிலிருந்தே உள்ளே வளர்ந்த பூனை அதற்குப் பழகிவிடும், சண்டைக் காயமும் எலி மருந்துப் பயமும் கருவாட்டு வழக்கும் இருக்காது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். முற்றமும் ஓட்டு இடுக்கும் உள்ள வீட்டில், வெளியே வளர்ந்த பூனையை அடைப்பது நடக்காத காரியம். சீனியையாவது ராத்திரியில் உள்ளே நிறுத்தலாம் என்று பின்கதவுக்குக் கொண்டி போட்டுப் படுக்கிறோம். முன்னங்காலால் கொண்டியைத் தட்டித் திறக்க அது பழகிவிட்டது. திறந்த கதவை மூட மட்டும் பழகவில்லை.