பீடத்துக்கு மேலேயா, கீழேயா?

1869இல் அமெரிக்காவில் பெண்கள் வாக்குரிமைக்காக இரண்டு போட்டிச் சங்கங்கள். ஒன்றை சூசன் அந்தோணியும் எலிசபெத் ஸ்டான்டனும் தொடங்கினார்கள். இன்னொன்றின் நிறுவனர்களில் ஒருவர் லூசி ஸ்டோன். வேடிக்கை என்னவென்றால், இரு தரப்புக்கும் வெண்கலச் சிலை வடித்தவர் ஒருவரே: மெரடித் பெர்க்மன்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் (2020) அந்தோணி, ஸ்டான்டனோடு கறுப்பினப் போராளி சோஜர்னர் ட்ரூத்தும் உயர்ந்த பீடத்தில் இருக்கிறார். கறுப்பினப் பெண்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று கண்டனம் எழுந்த பிறகே அவரைச் சேர்த்தார்கள். கம்பீரம்தான், ஆனால் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

பாஸ்டனில் (2003) லூசி ஸ்டோனோடு இன்னும் இருவர்; பீடம் இருக்கிறது, மேலே யாரும் நிற்கவில்லை. கவிஞர் பிலிஸ் வீட்லிக்கு அதுவே எழுதும் மேசை. அமெரிக்காவின் இரண்டாம் அதிபரின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் சும்மா சாய்ந்து நிற்கிறார். பக்கத்தில் போய் நிற்கலாம், தொடலாம். என் ஓட்டு பாஸ்டனுக்கே.